கூச்சலிட்ட பிரேக்கும் என் தேங்காய் எண்ணெயும்

பூப்பாறை ஏலத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். பழைய சைக்கிளில் எங்கே கிறீச்சென்றாலும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவேன். நான் அறிந்த வைத்தியம் அதுவே. அந்த வைத்தியம் என் மகனையே பறித்திருக்கும் என்பதை எழுதக் கூச்சமாயிருக்கிறது. ஆயினும், நம் பிள்ளைகள் மலைச் சைக்கிள் ஏறித் திரியும் இந்நாளில் அதை மறைப்பது முறையன்று.

2023ஆம் ஆண்டு ஆடி மாதம். மழையில் நனைந்து வந்த அவன் சைக்கிள், பிரேக் பிடித்தபோதெல்லாம் ஊளையிட்டது. இவ்வண்டிகளில் ரப்பர்க் கட்டை சக்கர விளிம்பைப் பற்றுவதில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள மெல்லிய எஃகுத் தகட்டை இருபுறமும் இரு சிறு கட்டைகள் கவ்வுகின்றன. அவன் உறங்கிய பின் பின்சக்கரத் தகட்டுக்கு எண்ணெய் தடவினேன். முன்சக்கரத்துக்குக் குப்பியில் எண்ணெய் மிஞ்சவில்லை. ஓசை அடங்கிற்று, எனக்கோ பெருமிதம்!

மறுநாள் அவன் போடியிலுள்ள பாட்டி வீட்டுக்குப் புறப்பட்டான். போடிமெட்டு வரை பெரும்பாலும் ஏற்றமாதலால் குறை தெரியவில்லை. அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். இரண்டாம் வளைவில் பின்பிரேக் பிடியை அழுத்தினான், சக்கரம் நிற்கவில்லை. எண்ணெய் எட்டாத முன்பிரேக்கே அவனை நிறுத்தியது. முழங்கை சிராய்ந்ததோடு போயிற்று.

போடியில் சைக்கிள் பழுது பார்ப்பவர், "ஈரத்தால் வரும் ஓசை நாலைந்து முறை பிடித்தால் தானே போகும். எண்ணெய் குடித்த கட்டை தேறாது" என்று சொல்லிப் புதுக் கட்டை மாட்டினாராம். தகட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியால் துடைத்தார். பின்னர்ச் சமவெளிச் சாலையில் வேகமெடுத்து, முற்றும் நிற்காமல் மெல்லக் குறைத்து, இவ்வாறு இருபது தடவை ஓட்டிப் பழக்கச் சொன்னார். இதைச் செய்யாவிடில் புதுக் கட்டையும் கூச்சலிடுமாம்.

வேறு காரணங்களும் உண்டு. கட்டைகளைத் தாங்கும் கவ்வி கோணியிருந்தால், அதன் இரு திருகுகளையும் சற்றே தளர்த்தி, பிரேக் பிடியை அழுத்தியபடியே மீண்டும் முடுக்க வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை உரசினால் தகடு வளைந்திருக்கலாம். கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தால் உப்புத்தாளில் இலேசாகத் தேய்க்கலாம். விரலால் மட்டும் தகட்டைத் தொடலாகாது: கைப்பிசுக்கும் கேடு, மலையிறங்கிய சூட்டில் தோலும் வெந்துபோகும்.

தேங்காய் எண்ணெய்க் குப்பியை மகன் அடுப்படியில் வைத்துவிட்டான். சங்கிலிக்குத் தனி எண்ணெய் வாங்கியிருக்கிறான். அதை விடும்போதும் தகட்டின்மேல் பழந்துணி போர்த்திவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துக்கொள்கிறான்.