வேருக்கும் மூச்சு வேண்டும்



உங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய தகரத்தில் ஏதாவது செடி வளர்கிறதா? கறிவேப்பிலையோ, துளசியோ, மிளகாயோ, எதுவாக இருந்தாலும் சரிதான். இருக்கிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். இல்லையென்றால், படித்து முடித்த பிறகாவது ஒரு தகரத்தைத் தேடுவீர்கள் என்று நம்புகிறேன்.

நான் சொல்லப்போவது விண்வெளியில் செடி வளர்க்கும் கதை. "ஆகாயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்கு முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா சிறு வயதிலேயே பால் வெட்டப் போனவர். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை, நண்பகலில் பால் வாளியோடு ஸ்டோர். இவ்வளவும் முடிந்து வீடு வந்தால் படுப்பாரா? மாட்டார். லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் இறங்கிவிடுவார். வெண்டை, கத்தரி, பயித்தங்காய் எல்லாம் அங்கே விளையும். எங்கள் வீட்டில் காய்கறிக்குக் காசு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

1989-இல் தோட்டம் கைமாறியது. லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். நான் அப்போது கல்யாணமாகி மாக் மண்டினில் குடியிருந்தேன். தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அம்மாவை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். அடுக்குமாடியில் நாலாவது மாடி. அம்மா கொண்டுவந்த சாமான்கள் மூன்றே மூன்று: ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு, ஒரு சாக்கு நிறைய தோட்டத்து மண்!

"மண்ணை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க? இங்க இல்லாத மண்ணா?" என்று கேட்டேன்.

"இங்க இருக்கறது மண்ணு இல்லம்மா, கல்லும் சிமெண்டும்" என்றார்.

பிஸ்கட் தகரங்களில் ஆணியால் அடியில் ஓட்டை போட்டு, அந்த மண்ணை நிரப்பி, நடைபாதை ஓரமாக வரிசையாக வைத்தார். தேயிலைச் சக்கை, வெங்காயத் தோல், அரிசி கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான் போகும். ஆறே வாரத்தில் நாலாவது மாடிக் கம்பியில் பயித்தங்கொடி ஏறிக்கொண்டிருந்தது. பேச்சுக்குறைந்து போயிருந்த அம்மா அந்தக் கொடியோடுதான் முதலில் பேச ஆரம்பித்தார்.

ஒருமுறை சுங்கை பட்டாணியிலிருந்த தம்பி வீட்டுக்கு ஒரு மாதம் போனார். போகும்போது, "செடியைப் பாத்துக்கம்மா" என்றார். நானும் பார்த்துக்கொண்டேன், எனக்குத் தெரிந்த வகையில். கீழ்மாடிக்காரர் தண்ணீர் சொட்டுகிறது என்று முறையிட்டதால் ஒவ்வொரு தகரத்துக்கும் அடியில் ஒரு தட்டு வைத்தேன். வேலைக்குப் போகுமுன் ஒரு செம்பு, வந்ததும் ஒரு செம்பு, கடிகாரம் தவறாமல் ஊற்றினேன். இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு செம்பு ஊற்றினேன். அம்மா திரும்பி வந்தபோது கொடி சருகாகத் தொங்கியது.

அம்மா கோபிக்கவில்லை. வேரோடு பிடுங்கி முகர்ந்து பார்த்தார். "வேருக்கு மூச்சு முட்டிப் போச்சும்மா" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "வேருக்கு மூச்சா? செடி இலையாலதான் மூச்சு விடும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன்!"

அவர் பதில் சொல்லவில்லை. கறிவேப்பிலையை மட்டும் வைத்துக்கொண்டார். பயித்தங்கொட்டையை மறுபடி நடவே இல்லை. 2003-இல் காலமானார். அந்தச் சிரிப்பு மட்டும் என் நெஞ்சில் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

இனி ஆகாயத்துக்கு வருகிறேன்.

2025 ஜனவரியில் ஒருநாள். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் என் பேரன் ஓடிவந்தான். "பாட்டி! இந்தியாக்காரங்க ராக்கெட்டுல தட்டைப்பயறு முளைக்க வச்சுட்டாங்க!" தட்டைப்பயறு என்று அவன் சொன்னதை ஊரில் காராமணி என்றும் சொல்வார்கள். நாம் கம்பியில் ஏற்றும் பயித்தங்காயும் அதே இனம்தான். விதைக்காக வளர்ப்பது ஒரு வகை, நீண்ட காய்க்காக வளர்ப்பது இன்னொரு வகை.

நடந்தது இதுதான். 2024 டிசம்பர் 30-ஆம் தேதி இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட் ஒன்று இரண்டு துணைக்கோள்களைச் சுமந்து கிளம்பியது. துணைக்கோள்களை விட்டதும் ராக்கெட்டின் கடைசிப் பகுதிக்கு வேலை முடிந்துவிடும். அது வெறும் காலி ஓடு. இஸ்ரோ விஞ்ஞானிகள் அதை வீணாக்காமல் சோதனைக் கூடமாக ஆக்கிக்கொள்கிறார்கள். அந்த ஓட்டில் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் 8 தட்டைப்பயறு விதைகள். மண்ணுக்குப் பதில் நுண்துளைகள் நிறைந்த களிமண் குருணை. அதில் மெல்ல மெல்லக் கரையும் உரம். சூரியனுக்குப் பதில் சின்ன விளக்குகள். கண்காணிக்க ஒரு கேமரா. பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் திறந்துவிடப்பட்டது. நாலே நாளில் முளை வந்தது. இரண்டு இலையும் விட்டது. அந்த ஓடு 2025 ஏப்ரலில் காற்றுமண்டலத்துக்குள் இறங்கி முடிந்துபோனது.

வாசகர்களே, இதைக் கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? தின்று தீர்ந்த பிஸ்கட் தகரத்தில் அம்மா நட்டார். வேலை தீர்ந்த ராக்கெட் ஓட்டில் அவர்கள் நட்டார்கள். அதே பயறு!

"ஏன் பாட்டி, விதை போட்டா முளைக்கத்தானே செய்யும்? இதுல என்ன அதிசயம்?" என்றான் பேரன். நல்ல கேள்வி. இருவரும் தேடித் தேடிப் படித்தோம்.

பூமியில் தண்ணீர் ஊற்றினால் அது கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் காற்று புகுகிறது. வேர் அந்தக் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. ஆம், வேரும் மூச்சு விடுகிறது! விண்கலம் பூமியைச் சுற்றும்போது அதற்குள் எடை தெரிவதில்லை. ஆகவே தண்ணீருக்குக் கீழே என்றும் மேலே என்றும் கிடையாது. அது பந்தாகத் திரண்டு வேரைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் அதிகமானால் வேருக்கு மூச்சு முட்டும், குறைந்தால் காய்ந்துபோகும். விண்வெளித் தோட்டக்காரர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான்.

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். பேரன் என் முகத்தைப் பார்த்து, "ஏன் பாட்டி அழறீங்க?" என்றான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பால்வெட்டுக்காரி முப்பது வருஷத்துக்கு முன் என்னிடம் சொன்னதை, நான் சிரித்து ஒதுக்கியதை, விஞ்ஞானம் எனக்கு மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் படித்தோம். பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் அமெரிக்கர்கள் ஒரு சிறு தோட்டப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் ஷேக் முஸாபர் 2007-இல் போய்வந்தாரே, அதே நிலையம்தான். 2015 ஆகஸ்டில் அங்கே விளைந்த சிவப்புக் கீரையை வீரர்கள் சாப்பிட்டார்கள். பிறகு ஜினியா பூச்செடி வைத்தார்கள். 2015 டிசம்பரில் அதற்குக் கேடு வந்தது. ஈரம் மிஞ்சி இலை வளைந்தது, பூஞ்சணம் பிடித்தது. காற்றாடியை வேகமாக்கினார்கள், இப்போது காயத் தொடங்கியது. எப்போது தண்ணீர் விடுவது என்பதெல்லாம் பூமியிலிருந்து போட்ட அட்டவணைப்படி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்த ஸ்காட் கெல்லி என்ற வீரர், வீட்டுத் தோட்டத்தில் செய்வதுபோல் செடியைப் பார்த்து நானே தண்ணீர் விடுகிறேன், அந்த உரிமையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். கொடுத்தார்கள். 2016 ஜனவரியில் ஆரஞ்சு நிறத்தில் ஜினியா பூத்தது!

கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிய நான் எங்கே, செடியைப் பார்த்து ஊற்றிய அம்மா எங்கே?

நிலவில் நட்டால் என்ன என்று கேட்பீர்கள். 2019 ஜனவரியில் சீனாவின் விண்கலம் ஒன்று நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது. அதிலிருந்த மூடிய பெட்டிக்குள் பருத்தி விதை முளைத்தது. ஆனால் நிலவில் ஓர் இரவு என்பது நமக்கு இரண்டு வாரம். அந்தக் குளிரில் தளிர் மடிந்துவிட்டது. முளைக்க வைப்பது ஒன்று, காப்பாற்றுவது வேறொன்று.

நிலவு மண்ணைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த மண்ணில் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தார் கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியை விதைத்து, முடிவை 2022-இல் வெளியிட்டார்கள். விதைகள் எல்லாம் முளைத்தன. ஆனால் போகப் போக வளர்ச்சி குன்றியது. சிலவற்றின் இலை சிவந்து கறுத்தது. நிலவிலிருப்பது நாம் சொல்கிற மண் அல்ல. கல் நொறுங்கிய கூரான தூள். அதில் மக்கிய இலை இல்லை, புழு இல்லை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இல்லை. செவ்வாய்க் கிரகத்து மண்ணிலோ நச்சு உப்பு வேறு கலந்திருக்கிறது.

அம்மா ஏன் ஒரு சாக்கு மண்ணைத் தூக்கி வந்தார் என்று எனக்கு அப்போது விளங்கியது. தேயிலைச் சக்கையும் வெங்காயத் தோலும் போட்டுப் போட்டு, அந்த மண்ணை அவர் உயிரோடு வைத்திருந்தார்.

"இவ்வளவு சிரமப்பட்டு அங்கே ஏன் செடி வளர்க்க வேண்டும்?" என்ற கேள்வி வரும். செவ்வாய்க்குப் போக ஒருவழிப் பயணமே ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளைக்கும் அங்கே தங்கும் நாளைக்கும் எல்லாவற்றையும் கட்டிச் சாதமாகக் கொண்டுபோக முடியுமா? செடி உணவு தரும்; நாம் விடும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராணவாயு தரும். அத்தோடு, நான்கு பக்கமும் இரும்புச் சுவர்களுக்குள் மாதக்கணக்கில் அடைந்து கிடப்பவனுக்கு ஒரு பச்சை இலை என்ன ஆறுதல் என்பதை, அடுக்குமாடிக்குக் குடிவந்த தோட்டத்து மனுஷி எவளைக் கேட்டாலும் சொல்லுவாள்.

நாம் நினைத்துப் பார்த்தால், நம்மை வாழவைத்த பால்மரமும் இப்படி வந்ததுதானே? 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனார். கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன; அங்கிருந்து சில கோலகங்சாருக்குப் போயின. கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் கடந்து வந்த அந்த மரத்தை வளர்க்க, நம் முன்னோரும் கடல் கடந்து வந்தார்கள். மரத்துக்கும் புதிய மண், மனிதருக்கும் புதிய மண். பார்த்துக்கொள்ள ஆள் இருந்ததால் மரம் பிழைத்தது. நம்மை யார் பார்த்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் நாமே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

2025 ஜூன் மாதம் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா அதே விண்வெளி நிலையத்துக்குப் போனபோது வெந்தயத்தையும் பச்சைப்பயற்றையும் அங்கே முளைக்க வைத்தார். அடுப்படி அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் வெந்தயம் ஆகாயம் போய்விட்டது! அந்தச் செய்தி வந்த வாரம்தான் பேரனும் நானும் ஒரு மைலோ தகரத்தை எடுத்தோம்.

நீங்களும் செய்து பாருங்கள். இஸ்ரோக்காரர்களைப் போல 8 தட்டைப்பயறு எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு ஊறவையுங்கள். தகரத்தின் அடியில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். மக்கிய குப்பை கலந்த மண்ணை இறுக்காமல் நிரப்பி, விரல் கணு ஆழத்தில் விதையை ஊன்றுங்கள். தகரத்தைத் தட்டில் வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வைத்து, சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள். கீழ்மாடிக்காரருக்கும் தொல்லையில்லை. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். எத்தனை நாளில் முளை வந்தது என்று பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஆகாயத்தில் நாலு நாள். உங்கள் வீட்டில்?

எங்கள் தகரத்தில் கொடி இப்போது கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று மாலை பேரன் செம்போடு வந்து நின்றான்.

"பாட்டி, ஆறு மணியாச்சு. தண்ணி ஊத்தவா?"

"மணி கிடக்கட்டும். மண்ணுல விரலை வச்சுப் பாருய்யா."

வைத்துப் பார்த்தான். "ஈரமா இருக்கு பாட்டி."

"அப்ப இன்னைக்கு வேணாம். வேரு மூச்சு விடட்டும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. செம்பைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.