யானை இளைத்திருந்தால் போலி

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் மணல் வார்ப்புச் செய்யும் சின்னச் சின்னப் பவுண்டரிகள் இன்னும் இருக்கின்றன. நான் போன இடத்தில் பம்பு உதிரிபாகங்கள்தான் சோறு போடுகின்றன. நடுநடுவே கேடயங்களுக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் படைச் சின்னங்களைப் பித்தளையில் வார்த்துத் தருகிறார்கள். பக்கத்து ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படையினருக்கான உடைத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம் எல்லாம் உண்டு. பணி ஓய்வு விழாக்களுக்குப் பஞ்சமில்லை.

சேகரிப்பாளரான நண்பர் ஒருவர் ‘ரொம்பப் பழசு’ என்று நம்பி வாங்கிய இரண்டு மெட்ராஸ் ரெஜிமெண்ட் தொப்பிச் சின்னங்களை எடுத்துப் போயிருந்தேன். கேடயம், குறுக்கு வாள்கள், மேலே யானை. 1803-இல் அசாயே போரில் நின்ற மதராஸ் படைகளுக்குப் பெருமையாகக் கிடைத்த யானை அது.

அங்கே மணல் அச்சு போடும், அறுபதை நெருங்கும் மோல்டர் யானையைப் பார்க்கவே இல்லை. தோசையைத் திருப்புவதுபோல் இரண்டையும் கவிழ்த்தார். ஒன்றின் முதுகு குழிவாக, முன்பக்க உருவம் அப்படியே உள்வாங்கி இருந்தது. “இது டையில அடிச்சது.” மற்றதன் முதுகு தட்டை, மணல் சொரசொரப்போடு. “இது நம்ம வேலை.”

அடித்தது அசல், வார்த்தது போலி என்றொரு எளிய சூத்திரம் சேகரிப்பாளர்களிடம் புழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நம் ஊர்க் கடைத்தெருக்களில் வார்த்த சின்னங்களையும் சிப்பாய்கள் அணிந்தார்கள். வார்ப்பு என்பதாலேயே ஒன்றைத் தள்ளிவிட முடியாது. எதை வைத்து வார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

உருகிய பித்தளை ஆறும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றரை பங்கு சுருங்கும். மணலில் பதிக்கும் மாதிரியை, அதாவது பேட்டர்னை, முறையாகச் செய்கிறவர் அதைக் கணக்கிட்டுப் பெரிதாகச் செய்வார். நகலெடுப்பவரோ அசலையே மணலில் அழுத்துவார். வருவது இளைத்துத்தான் வரும். “ஓரத்தை அளக்காதீங்க சார், அரம் தின்னிருக்கும். உள்ள ரெண்டு புள்ளி புடிங்க” என்று வெர்னியரை நீட்டினார். வாள்பிடிகளுக்கு இடையே அடித்ததில் 30 மில்லிமீட்டர், வார்த்ததில் 29.1. ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர்கூடக் குறையாதே என்றேன். “அப்போ நகலோட நகல்.”

முகமெல்லாம் பொடிக்குழிகள். நண்பர் அதைக் காலத்தின் அரிப்பு என்று நம்பியிருந்தார். “வயசும் இல்ல ஒண்ணும் இல்ல. ஈர மணல், காத்து போக வழியில்லாம பொங்கியிருக்கு.” லென்ஸில் பார்த்தால் குழிகள் உருண்டையாக, உள்சுவர் வழவழப்பாக இருந்தன. யானையின் கால்களுக்கு நடுவே அரத்தின் கோடுகள். தினமும் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்த சின்னத்தில் மேடுகள் மழுங்கி, இடுக்குகளில் வெள்ளைப் பொடி தங்கியிருக்கும். இதிலோ மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பு. அம்மோனியா காட்டியிருக்கிறார்கள்.

இதற்கிடையே பக்கத்தில் பித்தளை உருக்கும் மூசையைத் திறந்ததும் வெண்புகை எழுந்தது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். பித்தளையை ஊற்றும் பதத்தில் அது ஆவியாகாமல் இருக்காது. முகத்தில் துண்டு ஒன்றுதான் கட்டியிருந்தார்கள். அந்தப் புகையை அதிகம் இழுத்தால் சாயந்தரம் குளிர்காய்ச்சல், மறுநாள் சரியாகிவிடும் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். கேட்கத்தான் சங்கடமாக இருந்தது.

கிரீடம் உள்ள சின்னங்களுக்கு வெர்னியரே வேண்டாம். 1950-இல் குடியரசானதும் கிரீடம் போய் அசோகச் சிங்கங்கள் வந்தன. எலிசபெத் ராணியானது 1952-இல். ‘உலகப் போர்க்காலத்து இந்தியச் சின்னம்’ என்று நீட்டுவதில், வளைவுகள் நடுவில் குழிந்த அவர் காலத்துக் கிரீடம் இருந்தால் பேரமே பேசாதீர்கள்.

வார்க்கிறவர்மேல் எனக்குக் குறையில்லை. கேடயத்துக்கென்று கேட்டார்கள், செய்து கொடுத்தார். கறுப்பேற்றிக் கதை சேர்த்து விற்றவர்தான் ஏமாற்றியவர். பேட்டர்னின் முதுகில் ஆண்டைப் பொறிப்பது பெரிய வேலையில்லை, ஆனால் எந்தப் பார்ட்டியும் கேட்டதில்லை என்றார் மோல்டர். கேடயம் செய்யச் சொல்லும் சங்கங்களும் அலுவலகங்களும் இனி ஆர்டர் தாளில் அந்த ஒரு வரியைச் சேர்த்து எழுதட்டும்.