மங்களம் முதலில் வந்த காலை

டிசம்பர் 13

பெங்களூரிலிருந்து தம்பி அனுப்பிய பொட்டலம் மதியம் வந்தது. உள்ளே ஒரு ஜோடி கம்பியில்லா இயர்பட்ஸ், உள்ளங்கையில் அடங்கும் ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் செய்தி: இசைச் செயலி ஒன்றுக்குக் குடும்பச் சந்தா கட்டி, அம்மாவையும் அதில் சேர்த்துவிட்டானாம். “மார்கழி முழுக்க அம்மா கச்சேரி கேட்கட்டும்க்கா.”

அப்பா இறந்து ஐந்து வருடமாகிறது. அவருடைய டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்து, பாட்டு இழுத்து இழுத்து வரத் தொடங்கியதும் அம்மா அதைத் துணி போட்டு மூடிவிட்டார். அன்றிலிருந்து மயிலாடுதுறையில் எங்கள் வீட்டுச் சாயங்காலங்களுக்குப் பாட்டே இல்லை. எழுபத்தொன்பது வயது அம்மாவுக்கு இந்தப் புதுக் கருவிகள் எவ்வளவு தூரம் உதவுகின்றன என்று பார்த்து, நாள்தோறும் குறித்துவைக்கப் போகிறேன்.

டிசம்பர் 14

கும்பகோணம் போகும் பேருந்தில் இயர்பட்ஸைப் போட்டுப் பார்த்தேன். இரைச்சல் நீக்கும் வசதியைத் திறந்ததும் என்ஜின் உறுமல் தரைக்கடியில் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. பாடகரின் குரலுக்குப் பின்னால் தம்புரா தனியாகக் கேட்டது. இத்தனை வருடப் பேருந்துப் பயணத்தில் எனக்கு இது புதிது.

அதன் வேலை எளிமையானது. வெளிச் சத்தத்தைச் சிறு மைக் வாங்குகிறது. அந்த அலையின் மேடு பள்ளங்களைத் தலைகீழாகப் புரட்டிய இன்னொரு அலையைக் காதுக்குள் விடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 1978இல் ஸூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த விமானத்தில், ஹெட்ஃபோனில் இசையை விஞ்சிய இரைச்சலைக் கேட்டு ஒலிப் பொறியாளர் அமர் போஸ் இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராளி ஒருவரின் மகன் அவர். ஒரே சீராக உறுமும் சத்தத்தை இந்த முறை நன்றாக அடக்கும். திடீரென்று எழும் சத்தத்திடம் அவ்வளவு பலிக்காது.

இன்னொரு நன்மையும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச் சத்தம் குறைந்தால், அதை வெல்வதற்காகப் பாட்டின் சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. பேருந்திலும் ரயிலிலும் போய்வருகிறவர்கள் வாங்கலாம் என்று தயங்காமல் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டார். “காதை அடைச்சுக்கிட்டுப் பாட்டுக் கேட்டா, வாசல்ல யாரு கூப்பிடுறாங்கன்னு எப்படிம்மா தெரியும்?” அவருக்குப் பாட்டு என்பது வீடு முழுக்க நடமாடுவது, சமையலறையில் ஒருவரும் திண்ணையில் ஒருவருமாகக் கேட்பது. ஸ்பீக்கர்தான் அவருக்கு.

டிசம்பர் 16

மார்கழி பிறந்தது. ஐந்து மணிக்கு அம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலுக்குப் போனார். ஸ்பீக்கரைத் திண்ணையில் வைத்து, அவருக்குப் பிடித்த பழைய கச்சேரித் தொகுப்பு ஒன்றைப் போட்டேன். முதலில் வந்தது மங்களம்.

அம்மாவின் கை புள்ளியிலேயே நின்றது. “என்னம்மா இது, எடுத்த எடுப்புலயே மங்களம் பாடிட்டாங்க? கச்சேரி முடிஞ்சுபோச்சா?”

செயலி பாடல்களைக் கலைத்துப் போட்டிருந்தது. சினிமாப் பாட்டுத் தொகுப்பைக் கலைத்தால் பெரிய நட்டமில்லை. கச்சேரிக்கு அது பொருந்தாது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் செப்பனிட்டு நிலைநிறுத்திய முறை இன்றும் மேடையில் இருக்கிறது: வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனைகளால் களைகட்டி, நடுவே பெரிய ராகத்தை விரித்து, தனி ஆவர்த்தனத்துக்கு இடம்விட்டு, துக்கடாக்களில் மனத்தை இலேசாக்கி, மங்களத்தில் முடிப்பது. அந்த வரிசையும் சங்கீதத்தின் பகுதிதான். மங்களத்தை முதலில் போடுவது பாயசத்தை முதலில் பரிமாறும் பிழையைவிடப் பெரிது. அது விடைபெறும் பாட்டு.

வரிசையைச் சரிசெய்த பிறகும் குறை தீரவில்லை. ராகம் ஒரு துண்டு, தானம் ஒரு துண்டு, பல்லவி ஒரு துண்டு. இந்தச் செயலியில் ஒவ்வொரு துண்டுக்கும் இடையே ஒரு நொடி அமைதி விழுகிறது. தாளம் போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொரு முறையும் திகைத்து நின்றன.

வேண்டிக் கேட்டால் மாறும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. 2021 நவம்பரில் பாடகி அடேல், இசைத்தொகுப்பின் வரிசையில் ஒரு கதை இருக்கிறது என்று எடுத்துச் சொன்னதும், ஸ்பாட்டிஃபை தொகுப்புப் பக்கத்தில் கலைத்துப் போடும் பொத்தானை முதன்மை இடத்திலிருந்து அகற்றியது. ஒரு பாடகி கேட்டதற்கே அது நடந்தது. நம் கச்சேரி முறைக்காக யாராவது சேர்ந்து கேட்க வேண்டும்.

டிசம்பர் 18

இரவு செயலியில் தோடி ராகத்தைத் தேடினேன். அந்த எழுத்துகளைத் தலைப்பில் கொண்ட எல்லாம் வந்தன. பதிவை ஏற்றியவர் தலைப்பிலேயே ராகத்தின் பெயரைத் தட்டியிருந்தால்தான் கிடைக்கிறது. ராகத்துக்கென்று தனிக் கட்டம் கிடையாது. தாளத்துக்கும் இல்லை. வயலின் யார், மிருதங்கம் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான பதிவுகளில் பதில் இல்லை. நாகசுரத் தொகுப்பு ஒன்றில் தவில்காரரின் பெயரே விட்டுப்போயிருந்தது. தவில் இல்லாமல் நாகசுரக் கச்சேரி ஏது?

பழைய ஒலிநாடா உறையின் உள்மடிப்பில் பொடி எழுத்தில் இவை எல்லாம் இருந்தன: பாட்டு, ராகம், தாளம், இயற்றியவர், பக்கவாத்தியம். சினிமா ஒலிநாடாவானால் கவிஞர் பெயர். நாலங்குல அட்டையில் இடம் கண்ட பெயர்களுக்குக் கோடிக்கணக்கான பாடல்களை வைத்திருக்கும் சேவையில் இடமில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன்.

மரியாதையோடு கூலியும் இதில் சேர்ந்திருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், திரைப்பாடல் எழுதுகிறவர்களுக்கும் இசையமைப்பவர்களுக்கும் உரிமத்தொகையில் உள்ள பங்கை அவர்களே நினைத்தாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாதபடி காத்தது. பெயர் பதிவாகாத இடத்திலிருந்து அந்தப் பங்கு எப்படி வீடு வந்து சேரும்?

டிசம்பர் 20

சாயங்காலம் நாகசுர வித்துவான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டோம். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. “தோடியை ராத்திரி முழுக்க வாசிப்பாராம். தட்டுல இவ்வளவுதான் பிடிச்சுதாம்” என்றார் அம்மா, தன் அப்பா சொல்லக் கேட்டதாக.

கருவிதான் எப்போதும் பாட்டின் நீளத்தை வெட்டியிருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். 1948இல் வந்த எல்பி தட்டின் பக்கம் இருபது நிமிடத்தை எட்டியது. 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த ஒலிநாடா, பின்னாளில் பக்கத்துக்கு 45 நிமிடம் தந்தது. 1982இன் குறுந்தட்டு 74 நிமிடம். இப்போதுதான் எல்லையே இல்லை. விடிய விடிய வாசித்த தோடியையும் முழுதாக ஏற்றலாம்.

ஆனால் எண்ணிக்கை முறை வேறு திசையில் இழுக்கிறது. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. இரண்டு நிமிடப் பாட்டும் ஒன்று, நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒன்று. வருமானத்தைப் பொதுவில் குவித்து, மொத்த எண்ணிக்கையில் ஒவ்வொரு பாட்டுக்கும் என்ன விகிதமோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பதிவுக்கு அங்கே உரிமத்தொகையே கிடையாது. சிற்றூர்க் கோயிலின் நாகசுரக்காரர் தன் வாசிப்பை ஏற்றினால், நானூறு பேர் நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்டாலும் அவருக்கு ஒன்றும் வராது.

சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை 2021இல் வேறொரு வழியைக் காட்டியது: ஒருவர் கட்டும் பணம் அவர் கேட்ட கலைஞர்களுக்கே போகும் முறை. அம்மா இந்த மாதம் கேட்டதெல்லாம் பத்துப் பதினைந்து பேரைத்தான். அவர் பங்குச் சந்தா அந்தப் பதினைந்து பேருக்குப் போவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 23

நேற்று அம்மா ரசித்த நாகசுரத் தொகுப்பு இன்று சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. தட்டினால், இப்பாடல் இப்போது கிடைக்காது என்று ஒரு வரி. உரிம ஒப்பந்தம் முடிந்திருக்கலாம். நம்மிடம் காரணம் சொல்லும் வழக்கம் இல்லை. சில சமயம் சேவையே மூடிக்கொள்கிறது. பல கோடிப் பேர் பயன்படுத்திய விங்க் மியூசிக் 2024இல் நின்றுபோனது. சந்தா என்பது வாடகை. வாடகை வீட்டில் நன்றாக வாழலாம். பாட்டனார் படத்தை மாட்ட ஆணி மட்டும் யோசித்துத்தான் அடிக்க வேண்டும்.

பரணிலிருந்து அப்பாவின் பெட்டிகளை இறக்கினேன். அறுபத்திரண்டு ஒலிநாடாக்கள். பட்டியல் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிந்தவை சில, திருச்சி வானொலியிலிருந்து பிடித்தவை பல, கோயில் வாசலில் நின்று அவரே பதிந்தவை ஏழெட்டு. ஒவ்வொன்றிலும் நீல மையில் தேதி, ராகம், வாசித்தவர். சிலவற்றில் நாடாவின் ஓரம் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது. நல்லவேளை, பெரும்பாலானவை தப்பியிருக்கின்றன.

டேப் ரெக்கார்டரைக் கடைத்தெரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு மணி நேரத்தில் தந்துவிட்டார். இயர்பட்ஸில் இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டேன். பேட்டரி உள்ளேயே ஒட்டி வருகிறது, அது போனால் பொருளே போனதுதான் என்றார். கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தது. 2027 பிப்ரவரியில் அந்த விதி அமலுக்கு வருகிறது. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

டிசம்பர் 27

நான்கு நாளாக நாடாக்களைக் கணினிக்கு மாற்றுகிறேன். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு ஒயர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள், வேறொன்றும் தேவையில்லை. குறுக்குவழி கிடையாது, 45 நிமிடப் பக்கத்தை 45 நிமிடம் ஓடவிட வேண்டும். எம்பி3 ஆக்கினால் கோப்பு சிறுக்கும். காது தவறவிடும் என்று கணக்கிட்ட ஒலிகளை அது எறிந்துவிடுவதால் வரும் சிறுமை அது. ஃப்ளாக் என்ற கோப்பு வடிவம் எதையும் எறியாமல் ஏறக்குறைய பாதியாக மடித்துவைக்கிறது. ஃப்ளாக்கிலேயே வைக்கிறேன்.

இன்று எடுத்தது 1983 ஐப்பசி, கடைமுகத்தன்று மாயூரநாதர் கோயில் புறப்பாட்டில் அப்பா பதிந்த மல்லாரி. நாடாவின் உஸ்ஸென்ற சத்தம் அதிகம். இரைச்சல் குறைக்கும் வசதி மென்பொருளில் உண்டு. எது இரைச்சல் என்று ஒரு மாதிரியைக் காட்டினால் முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழித்துவிடும். நாயனம் தொடங்குமுன் உள்ள ஐந்து விநாடியை மாதிரியாகக் காட்டினேன். உஸ் போய்விட்டது. அம்மாவைக் கூப்பிட்டுப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டார். “சுருதி இல்லாம வாசிக்கிறாரே. ஒத்து எங்கே?”

நாயனத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்து அந்த ஐந்து விநாடியிலேயே ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை மாறாமல் ஒலித்த அதையும் இரைச்சலோடு சேர்த்து மென்பொருள் துடைத்துவிட்டது. பேருந்தின் உறுமல், மின்விசிறியின் ரீங்காரம், ஒத்தின் சுருதி: மாறாமல் ஒலிப்பவை எல்லாம் கருவிக்கு ஒரே கணக்கு. நம் இசையோ மாறாத அந்த ஒலியின் மேல்தான் நிற்கிறது. அதைத் தெரிந்து சொல்லப் பக்கத்தில் ஒரு காது வேண்டும். செய்ததை நீக்கி, உஸ் சத்தத்தோடு பழைய பதிவையே வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 31

தம்பிக்கு எழுதினேன்: ஸ்பீக்கர் அம்மாவுக்கு, இயர்பட்ஸ் எனக்கு. சந்தாவைத் தொடரலாம், கேட்டிராத வித்துவான்களை இந்த இரண்டு வாரத்தில் அம்மா அதில்தான் கேட்டார். அந்தச் சேவைக்கும் தமிழில் ஒரு கடிதம் அனுப்பினேன். கச்சேரியைக் கலைக்காதீர்கள், ராகத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் கட்டம் கொடுங்கள், கேட்ட நேரத்தையும் கணக்கில் சேருங்கள் என்று மூன்று வேண்டுகோள்கள். உங்களுக்கும் இப்படித் தோன்றினால் எழுதுங்கள்.

இரவு மல்லாரிப் பதிவுக்குப் பெயரிட உட்கார்ந்தோம். நாகசுரம் இருவர், தவில் இருவர். அப்பா நீல மையில் எழுதியிருந்ததைப் பார்த்துத் தட்டினேன். அட்டையில் அவ்வளவுதான் இருந்தது.

“ஒத்து யாரும்மா?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தெற்கு வீதியில் குடியிருந்த குடும்பம், அப்போது பதினைந்து பதினாறு வயதுப் பையன், மூத்த நாயனக்காரரின் தங்கை மகன். பெயர் சட்டென்று வரவில்லை. ஸ்பீக்கரில் மல்லாரி இரண்டாம் காலத்துக்குப் போனது. அப்புறம் முன்னெழுத்தோடு சொன்னார். ஒத்து என்று தட்டி, பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதிச் சேமித்தேன்.