நடந்து கண்ட நகரம்

அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, போர்ச்சுகல் நாட்டுக்குரிய அசோர்ஸ் தீவுகளுள் ஒன்று தெர்செய்ரா. அதன் தென்கரையில் உள்ள ஆங்ரா நகரைச் சில நாள்கள் காலாற நடந்து கண்டேன். ‘ஆங்ரா’ என்னும் சொல்லுக்குச் சிறுவிரிகுடா என்பது பொருள்.

கீழ்த்திசையிலிருந்து மிளகேற்றித் திரும்பிய கப்பல்கள் இவ்விரிகுடாவில் இளைப்பாறின. வாஸ்கோ ட காமாவுடன் இந்தியா வந்த அவர்தம் தமையன் பவுலோ, 1499இல் தாயகம் திரும்பும் வழியில் நோயுற்று இத்தீவில் மறைந்தார். அவரை அடக்கம் செய்த பிரான்சிஸ்கன் மடம் இருந்த இடத்தில் நின்றேன். கடல்வழி கண்ட பெருமையின் அருகிலேயே, தமையனை இழந்த தம்பியின் துயரும் எனக்குப் புலப்பட்டது.

மேட்டிலிருந்து துறைமுகம் நோக்கி இறங்கும் தெருக்கள், வெண்சுவர்கள், வண்ணம் தீட்டிய சாளரச் சட்டங்கள் யாவும் காலத்தால் தீண்டப்படாதவைபோல் தோன்றின. உண்மை வேறு. 1980 சனவரி முதல் நாளன்று நிலநடுக்கம் நகரின் பெரும்பகுதியைச் சிதைத்தது. இடிபாடுகளை அகற்றிப் புதுநகர் ஒன்றை அமைத்திருக்கலாம். மக்களோ பழைய தெருவமைப்பைக் காத்தே வீடுகளை எழுப்பினர். 1983இல் யுனெஸ்கோ இந்நகரின் மையப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இறுதி நாளில், கடலுள் நீண்டு நிற்கும் மோந்தே பிரசில் என்னும் அவிந்த எரிமலையின்மீது ஏறினேன். செவ்வோட்டுக் கூரைகள் கீழே விரிந்தன. நான் நடந்த தெருக்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன். 1980இல் வீடிழந்தோரும் அவற்றை அவ்வாறே நினைவில் வைத்திருந்தனர்; நகரம் மீண்டது அந்நினைவால்தான்.