தோலுக்கு ஒரு மை

மாமாவின் இடது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செவ்வகம் இருக்கிறது. சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுப்பு. சுட்டது அங்கே இல்லை, கையிலும் முதுகிலும். தொடை கடன் கொடுத்த இடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கட்டுமானக் கம்பி இழுக்கிற மில்கள் நிறைய. அதில் ஒன்றில் கொறடு பிடிக்கிற வேலை அவருக்கு. உருளைக்குள் போகவேண்டிய செங்கம்பி சில நேரம் தடம் மாறிச் சீறிக்கொண்டு வெளியே வரும். அன்றைக்கும் வந்தது.

"என் தோலையே எடுத்து என் மேலயே ஒட்டுறாங்க, இது என்னடா கணக்கு?" என்றார் ஆஸ்பத்திரியில். சரியான கணக்குதான். அடுத்தவர் தோலை உடம்பு சில வாரங்களில் தள்ளிவிடும். ஆனால் பாதி உடம்பு வெந்தவருக்கு எடுக்க இடம் ஏது?

இந்தக் கேள்விதான் என்னை பயோஇங்க் பக்கம் கொண்டுபோனது. 'உயிர்மை' என்று தமிழில் சொல்லலாம், பத்திரிகை ஞாபகம் வந்துவிடும். உயிருள்ள செல்கள் கலந்த கூழ் அது. ஜிலேபி மாதிரி ஊசிமுனை வழியாக அடுக்கடுக்காகப் பிழிகிறார்கள். இளகலாக இருந்தால் வடிவம் நிற்காது. கெட்டியாக இருந்தால் பிழிகிற அழுத்தத்திலேயே செல்கள் செத்துப்போகும். கூழுக்குக் கடற்பாசியின் ஆல்ஜினேட், ஜெலட்டின் எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது கொலாஜன். நம் தோலின் சட்டகமே அதுதான். குளிரில் திரவமாக இருக்கும், 37 டிகிரி உடல் சூட்டில் தானாக உறையும்.

கொலாஜன், கயிறு திரித்ததுபோல மூன்று இழைகளின் முறுக்கு என்று 1954இல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கிண்டி வளாகத்தை ஒட்டியே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். அங்கே கொலாஜனைக் காயத்துக்கு உறையாக்கும் ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது. மாமா வீட்டிலிருந்து ஒரு ரயில் மாறினால் போய்விடலாம்.

2022இல் ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, ஐஐடி, சிசிஎம்பி மூன்றும் சேர்ந்து, மனிதக் கருவிழியிலிருந்தே மை தயாரித்து, கருவிழியை அச்சடித்து முயலின் கண்ணில் வைத்தார்கள். கருவிழிக்கு இரத்த நாளம் கிடையாது. தோலுக்கு உண்டு. நாளத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே செல்லுக்கு மூச்சு முட்டும். தோல் பின்தங்குவது இதனால்தான்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அச்சடிக்க எவ்ளோ நாளாவும்?" என்றார். பிழிவது சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு முன்னால், தபால்தலை அளவுத் தோலிலிருந்து தேவையான செல்களை வளர்த்தெடுக்க மூன்று வாரம் ஆகும்.

"மூணு வாரம் எவன் உசுரோட இருப்பான்?"

வெந்த உடம்பு அத்தனை நாள் திறந்து கிடந்தால் நீர் வடியும், கிருமி ஏறும். அந்த நாட்களை இப்போதைக்குத் தாங்குவது தோல் வங்கி. ஒருவர் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கால், முதுகிலிருந்து காகிதம்போல மெல்லிய படலமாக எடுக்கிறார்கள். 85 சதவீதக் கிளிசராலில் ஐந்து ஆண்டுவரை வைக்கலாம். இரத்த வகை பொருந்தத் தேவையில்லை. நிலையாக ஒட்டாது, மூடி வைக்கும். அவ்வளவு போதும்.

கண் தானம் தெரிந்த எங்கள் தெருவில் இதைக் கேள்விப்பட்டவர்கள் யாருமில்லை. "முகம் பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் அத்தை. முகத்தில் எடுப்பதில்லை, எடுத்த இடத்தைக் கட்டுப்போட்டு மூடிவிடுவார்கள் என்றேன். மாமா படிவத்தை வாங்கிக்கொண்டார். அத்தை, பார்க்கலாம் என்கிறார்.