சைபர் எடுக்கப்போகும் மருமகளுக்கு

மட்டக்களப்பு
ஞாயிறு இரவு

அன்பு மருமகளே,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். மகியங்கனைப் பாதையில் பதினெட்டு வளைவு என்று சொல்கிற அந்த இறக்கத்தை பஸ் இறங்கி முடிக்கும்வரை உன்னுடைய கூடைப்பந்து மெச்சைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். உன் அம்மாவுக்கு முன்னால் பேச வேண்டாம் என்று விட்ட சிலவற்றை இதில் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலாவது, நீ கெட்டிக்காரி. மாமன் என்ற பாசத்தில் சொல்லவில்லை. மைக்கேல் கல்லூரிக் கோர்ட்டில் வளர்ந்தவன் என்றபடியால் சொல்கிறேன். பந்து வளையத்தில் பட்டு எந்தப் பக்கம் விழும் என்று மற்றப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீ அந்த இடத்துக்குப் போய்விடுகிறாய். இதை ஒருவராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. உயரமான பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பந்து தங்களைத் தேடி வரட்டும் என்றுதான் அநேகம் பேர் நிற்பார்கள். நீ அப்படி நிற்பதில்லை.

ஆனால் அன்றைக்கு நீ போட்ட புள்ளிகளை ஒருதரம் நினைத்துப் பார். ஏறக்குறைய எல்லாமே வளையத்துக்கு நேர் கீழே, வலது கையால், பலகையில் தட்டிப் போட்டவை. உன்னை மறித்த பிள்ளை உன் தோளுக்குத்தான் வருகிறாள். இடைவேளைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரை உன்மேல் விட்டார்களே, அப்போது என்ன செய்தாய்? பந்தை நெஞ்சுக்கு இறக்கினாய். இறக்கினால் உன் உயரத்தால் என்ன பலன்? கட்டையான பிள்ளை வந்து லேசாகத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த நேரம் மூலையில் உங்கள் பிள்ளை ஒருத்தி ஆளில்லாமல் நின்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். நீ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மெச்சை வென்றீர்கள், அதனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வென்ற மெச்சில் விட்ட பிழை அப்படியே ஊறிப் பழக்கமாகிவிடும். எனக்கு அதுதான் பயம்.

ஊரில் வென்ற ஆட்டம் வெளியே பலிக்காமல் போவதற்கு ஒரு கதை சொல்கிறேன். நீ டியூஷனுக்குப் போகும் கட்டுகஸ்தோட்டையில்தான் கிரிக்கெட் வீரர் முரளிதரன் படித்த புனித அந்தோனியார் கல்லூரி இருக்கிறது. அவர் தொடக்கத்தில் மிதவேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதில் அவருடைய பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, சுழல்பந்துக்கு மாறு என்றார். பிள்ளையும் மாறினான். பாடசாலைக் கிரிக்கெட்டில் விக்கெட்டுகளை அள்ளிக் குவித்து, 1990/91 பருவத்தின் சிறந்த பாடசாலை வீரர் என்ற விருதையும் எடுத்தான். இவ்வளவும் கண்டியில் எல்லோருக்கும் தெரியும். அடுத்து நடந்ததைத்தான் யாரும் சொல்வதில்லை. 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்துக்குப் போன அந்தப் பிள்ளை ஐந்து போட்டிகள் ஆடி ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை. அத்தனை புகழோடு போனவனுக்குச் சைபர்! அடுத்த வருடம் ஆகஸ்டில் கெத்தாராமையில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். 2010இல் காலியில் முடிக்கும்போது எண்ணூறு விக்கெட்டுகள். எனக்கு எண்ணூறைவிட அந்த ஐந்து போட்டிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. ஊரில் பிடிபடாத பந்தை அங்கே அடித்தார்கள். திரும்பி வந்து அவர் தன்னைக் கைவிடவில்லை.

உன்னுடைய விளையாட்டிலேயே ஒரு கதை சொல்லட்டுமா? டிம் டங்கன், சென் குரோய் என்ற சின்னத் தீவுப் பையன். நீச்சல்காரன். 1989இல் ஹியூகோ சூறாவளி அந்தத் தீவின் பெரிய நீச்சல் தடாகத்தை உடைத்துப் போட்டது. அதற்குப் பிறகுதான், ஒன்பதாம் வகுப்பில், கூடைப்பந்தைக் கையிலெடுத்தான். அவன் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய முதல் மெச்சில் எத்தனை புள்ளி தெரியுமா? அதுவும் சைபர்தான். இடையிலேயே படிப்பை விட்டுவிட்டு என்பிஏ-க்குப் போயிருக்கலாம், பணம் காத்துக்கொண்டிருந்தது. பட்டம் எடுப்பேன் என்று, இறந்துபோன தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். நாலு வருடமும் இருந்து உளவியலில் பட்டம் எடுத்துக்கொண்டுதான் போனான். 1997 என்பிஏ வீரர் தெரிவில் முதலாவது பெயர் அவனுடையது. பிறகு ஐந்து சம்பியன் பட்டங்கள். அந்த நாலு வருடத்தில் அவனை வளர்த்தது உயரம் அல்ல. பக்கவாட்டில் நின்று பலகையில் பட்டு விழ எறிவது, இரண்டு பேர் நெருக்கும்போது பந்தைக் கைமாற்றுவது, காலை எங்கே ஊன்றுவது என்பவைதான்.

உயர்தரப் பரீட்சை வருகிறது, இந்தப் பந்தை மூட்டை கட்டு என்று உன் அம்மா ஏசுகிறாள். அவளிடம் டங்கனின் இந்தக் கதையைச் சொல்லு. படிப்புக்காக நீ பயிற்சியைக் குறைத்தால் விளையாட்டு செத்துப்போகாது. உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வலைப்பந்தாட்டத்துக்கு மாறச் சொல்லி ஒருவர் கேட்டதாகச் சொன்னாய். தர்ஜினி சிவலிங்கத்துக்குப் பிறகு இந்த நாட்டில் உயரமான பெண் பிள்ளை எவளைக் கண்டாலும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்பதில் குற்றமில்லை, 2009இலும் 2018இலும் ஆசியச் சம்பியனான அணியில் அவர் இருந்தார், 2011 உலகப் போட்டியில் சிறந்த எறிவாளராகவும் வந்தார். ஆனால் அவருடைய ஆறடி பத்து அங்குல உயரத்தை மட்டுமே ஊர் பேசுகிறது. வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, தெரியும்தானே? பிழைத்த எறியைத் திருப்பித் தர அங்கே ஒன்றும் இல்லை. உயரம் பந்தைப் பிடிக்கத்தான் உதவும். வளையத்துக்குள் போடுவது விரல். நீ எந்த விளையாட்டில் நின்றாலும் அந்த விரலை உண்டாக்க வேண்டும். மாறுவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு நீயே முடிவெடு, வேறு யாரும் எடுக்க விடாதே.

அந்த விரல் எப்படி உண்டாகும் என்பதற்கு, நாங்கள் பழகிய விதத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் கூடைப்பந்தை வளர்த்தவர்கள் அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைக் குருமார். வெபர் அடிகளாரின் பெயரில்தான் இங்கே மைதானம் இருக்கிறது. அவர்களில் ஒருவரான ஹெபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனார். இந்த ஊருக்கே உழைத்த மனிதன். அவரை நினைக்கும்போதெல்லாம் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும். அந்தக் குருமாரிடம் பழகிய அண்ணன்மார்தான் எங்களைப் பழக்கினார்கள். நெட்டையன், கட்டையன் என்ற பேதமில்லை. எல்லோரும் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு கோர்ட்டின் நீளத்துக்கு ஓட வேண்டும். நெட்டையர்கள் அழுதார்கள். பின்னாளில் நன்றாக ஆடியவர்கள் அந்த அழுதவர்கள்தான்.

உன் கோச்சிலும் பிழை சொல்லமாட்டேன். அவருக்கு இந்த வருடம் கிண்ணம் வேண்டும், உன்னைக் கீழே நிறுத்தினால் கிடைக்கும். ஆகவே மெச்சில் அவர் சொல்கிற இடத்தில் நில். பயிற்சி முடிந்த பிறகு வரும் நேரம் உன்னுடையது. அதில் இடது கையால் மட்டும் போடு. அசிங்கமாகத்தான் விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தம்பியையும் அவன் கூட்டாளியையும் கூப்பிட்டு இரண்டு பேருமாக உன்னை நெருக்கச் சொல்லு. பந்தை நெற்றிக்கு மேலே பிடித்தபடி, ஊன்றிய காலில் திரும்பி, ஆளில்லாமல் நிற்பது யார் என்று பார்.

இன்னொன்று, குதித்து இறங்கும்போது உன் முழங்கால்கள் இரண்டும் உள்ளே மடிகின்றன. பெண் பிள்ளைகளுக்கு முழங்கால் தசைநார் அறுவது ஆண் பிள்ளைகளைவிட அதிகம். காலை அகட்டி, முழங்காலை மடித்து, சத்தமில்லாமல் இறங்கப் பழகு. மழை பெய்து சீமெந்துக் கோர்ட் ஈரமாக இருந்தால் எவர் கூப்பிட்டாலும் குதிக்காதே. கண்டி மழை உனக்குத் தெரியாததா?

ஒருநாள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ உன்னைவிட உயரமான ஒருத்தி உன்னை மறித்து நிற்பாள். அன்றைக்கு உனக்கும் சைபர் விழக்கூடும். விழுந்தால் எனக்கு அன்று இரவே கோல் எடு, உன் அம்மாவிடம் சொல்வதற்கு முதல்.

சப்பாத்தின் அடி தேய்ந்துவிட்டதைக் கவனித்தேன். வருகிற மாதம் காசு அனுப்புகிறேன். கால் அளவை அப்பாவைக்கொண்டு சரியாக அளந்து எழுது. இடது கையால் போடுவதைத் தம்பியிடம் கொடுத்து வீடியோ எடுத்து அனுப்பு. நன்றாக விழுந்ததை மட்டும் பொறுக்கி அனுப்பாதே, முழுவதும் வேண்டும்.

அன்புடன்,
மாமா