மலைக்குப் போட்ட ஜெட்

மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் சமைத்துப் பழகியவர்களுக்கு 'ஸ்டவ் பின்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. தகரப் பட்டையின் நுனியில் முடி மாதிரி ஒரு கம்பி. ஸ்டவ் திணறித் திணறி எரிந்தால், நடுவிலிருக்கும் நிப்பிள் துளையில் ஒரு குத்து. 'உஸ்'ஸென்று நீலமாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால், அவசரக்காரர்கள் தினமும் குத்துவார்கள். துளை பெரிதாகிவிடும். அப்புறம் எவ்வளவு பம்ப் அடித்தாலும் மஞ்சள் தீதான், பாத்திரமெல்லாம் கரிதான். புது நிப்பிள் வாங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

பைக் கார்புரேட்டருக்குள் இருக்கும் 'ஜெட்' என்பதும் இந்த நிப்பிளுக்குச் சொந்தக்காரன்தான். விரல் நுனியளவு பித்தளைத் துண்டு. நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் துளை. அந்தத் துளை எவ்வளவு பெட்ரோலை விடுகிறது என்பதை வைத்துத்தான் இன்ஜின் ஓடுகிறதா, திணறுகிறதா, உருகுகிறதா என்பதெல்லாம்.

நான் பள்ளியில் வேதியியல் எடுப்பவள். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு தப்பினால் ஒரு வீட்டில் என்னவெல்லாம் நடக்கும் என்பதைத் தம்பியின் பைக்கில்தான் பார்த்தேன்.

பைக் உண்மையில் அப்பாவுடையது. 1993-ல் வாங்கிய ஆர்.எக்ஸ்.100. இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் ஐம்பது வயது ஆண்களின் முகம் மாறும். 98 சி.சி.தான், ஆனால் 11 குதிரைசக்தி. உடம்பும் இலேசு. அப்பா போனபோது தம்பிக்கு 11 வயது. எனக்கு அப்பா கற்றுக்கொடுத்த பைக்கை, அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். அப்பா சொன்ன ஒன்றை அப்படியே அவனுக்கும் சொன்னேன்: "டூ ஸ்ட்ரோக்ல போறப்ப ரெண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேல இருக்கணும்."

மூன்று வருடங்களுக்கு முன் தம்பிக்கு மண்பாதை ஓட்டும் ஆசை வந்தது. மட்கார்டை உயர்த்தினான். முன்பக்க ஃபோர்க்கை மாற்றினான். பட்டன் டயர் போட்டான். அதோடு விட்டிருந்தால் அம்மா முணுமுணுப்போடு நின்றிருப்பாள். ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு, திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டினான். பழைய சைலன்சரை எடுத்துவிட்டு, வயிறு பெருத்த 'சேம்பர்' சைலன்சர் வைத்தான். சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு கயிறை இழுத்தது. அந்தக் கோலத்தில் பொதுச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி தப்பு என்பதால், பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் நண்பனின் சின்ன யானை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோவான்.

இங்கேதான் விஷயம். காற்று உள்ளே வரும் வழியையும், புகை வெளியே போகும் வழியையும் அகலப்படுத்திவிட்டான். காற்று தாராளமாக வருகிறது. பெட்ரோல் வரும் துளை மட்டும் பழைய அளவிலேயே. குழம்பில் உப்பு தூக்கல் என்பார்களே, அதுபோல இது 'காற்று தூக்கல்'. மெக்கானிக் மொழியில் லீன். காற்று தூக்கலாக ஓடும் இன்ஜின் முதலில் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். ஆனால், சூடு ஏறிக்கொண்டே போகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு எண்ணெய்ப் பசை கொடுப்பதே பெட்ரோல் கலவையோடு வரும் ஆயில்தான். சூட்டில் பிஸ்டன் உப்பி, அந்தப் பசையும் போதாமல் போனால், சிலிண்டரை அப்படியே கவ்விக்கொள்ளும். 'சீஸ்' ஆகிவிட்டது என்பது அதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும்போது கவ்வினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

தம்பி ஒன்றும் விவரம் தெரியாதவன் அல்ல. ஜெட் மாற்ற வேண்டும் என்று தெரிந்து, எண் போட்ட ஜெட்களை ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். எண் கூடினால் துளை பெரிது, பெட்ரோல் அதிகம். கோத்தகிரியில் நண்பனின் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் ஒரு மத்தியானம் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்து, 105-ல் நிறுத்தினான். பைக் தேன் மாதிரி ஓடியதாம். மறுநாள் விடியற்காலை, மார்கழிக் குளிரில், அன்னூர் பக்கம் தரிசு நிலத்தில் வழக்கமான பயிற்சி. நேர்ப்பாதையில் முழு ஆக்சிலேட்டரில் போனவனுக்கு, இன்ஜின் சத்தம் திடீரென்று மெலிந்து கீச்சென்றது. இரண்டு விரல் கிளட்ச் மேல் இருந்தது. இழுத்துவிட்டான். பைக் உருண்டு போய் நின்றது. விழவில்லை.

அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள், "வித்துடு." அப்பாவின் நினைவாக இருக்கும் ஒரே பொருளை விற்கச் சொன்னது அம்மாதான் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். "அந்த ஆளோட வண்டி எனக்கு வேணும்தான். அந்த ஆளோட புள்ளை அதை விட வேணும்" என்றாள். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மேட்டுப்பாளையம் பக்கத்தில், அப்பா காலத்திலிருந்து எங்கள் பைக்கைப் பார்த்த மெக்கானிக் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்போது கடையை மகன் பார்க்கிறார். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு ஏறக்குறைய எல்லாப் புது பைக்கிலும் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சென்சாரே காற்றை அளந்து பெட்ரோல் விடுகிறது. மகனுக்கு லேப்டாப் தெரியும், ஜெட் தெரியாது. பெரியவர்தான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"எங்க கண்ணு செட் பண்ணான் இதை?"

"கோத்தகிரியில ஐயா."

"அதான். ஜெட்டு மலைக்குப் போட்டது. வண்டி தரைக்கு வந்துருச்சு."

கோத்தகிரி 1,800 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325. ஒரே வெப்பநிலை என்று வைத்துக்கொண்டாலும் மேலே காற்று ஏறக்குறைய 15 சதவிகிதம் மெலிது. மெலிந்த காற்றுக்குச் சரியான பெட்ரோல், கீழே இருக்கும் கனத்த காற்றுக்குப் போதாது. அதிலும் விடியற்காலைக் குளிர் காற்று இன்னும் கனம். மேலே சரியாக இருந்த அதே 105, கீழே விஷம். (ஊட்டிக்கு ஏறும்போது பழைய கார்புரேட்டர் பைக்குகள் மூச்சுத் திணறிக் கரும்புகை விடுமே, அது இதற்கு நேர் எதிர். அங்கே பெட்ரோல் தூக்கல்.) போதாததற்கு இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவை இன்னும் கொஞ்சம் லீன் பக்கம் சாயும்.

சிலிண்டரை லேத்தில் போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டி, புது இன்ஜினைப் பதமாக ஓட்டிப் பழக்கி முடிக்கவே இரண்டு மாதம் ஆனது. அதுவரை அம்மாவை நிறுத்தி வைத்தது என் வேலை. "சரி பண்ணிப் பார்ப்போம். சரியாகலைன்னா நானே ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினரின் தென்னந்தோப்பில் வேலை நடந்தது. தம்பி டப்பாவைத் திறந்ததும் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஜெட்டு கடைசிலப்பா." முதலில் பெட்ரோல் காக் திறந்து தாராளமாக வழிகிறதா என்று பார்த்தார். ஃப்ளோட் உயரத்தைச் சரிபார்த்தார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரைச் சுற்றி சோப்புத் தண்ணீரைத் துளித்துளியாக விட்டார். ஓரிடத்தில் ஐடிலிங் சத்தம் தடுமாறியது. ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு. திருட்டுத்தனமாக அங்கேயும் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஜெட் மாற்றுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் அளப்பதுதான். புது ரப்பர் போட்டார்கள்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆக்சிலேட்டர் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டார். கார்புரேட்டரில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒருத்தர் பொறுப்பாம். ஐடிலிங்கிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டும் காற்று ஸ்க்ரூவும். காலிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். பைக் எங்கே திணறுகிறது என்பதைக் கோட்டை வைத்துச் சொன்னால், யாரைப் பிடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆய்வகத்தில் இதைத்தானே தொண்டை வறளச் சொல்கிறோம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று!

மெயின் ஜெட்டுக்குப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்க வேண்டும் என்றார். பெட்ரோல் தூக்கலானால் இன்ஜின் திணறும், புகையும், அவ்வளவுதான். காற்று தூக்கலானால் போர் போட வேண்டும். 125 போட்டதும் முழு ஆக்சிலேட்டரில் 'டபடப'வென்று தடுமாறியது. 120-ல் கொஞ்சம் தெளிந்தது. ஒவ்வொரு முறையும் தோப்பின் நீளப் பாதையில் முழுசாக முறுக்கி, அப்படியே இன்ஜினை அணைத்து, அதே நொடி கிளட்சைப் பிடித்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தால் பிளக் பொய் சொல்லும். 120-ல் பிளக் அடுப்புக்கரி. 115-ல் கருப்பட்டிக் காபி நிறம்.

அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, 110 போட்டா இன்னும் பறக்கும்" என்றான் தம்பி. அது உண்மைதான். கவ்வுவதற்குச் சற்று முன்னால்தான் பைக் அருமையாக ஓடும். பெரியவர் மாத்திரை டப்பாவை மூடி அம்மாவின் மடியில் வைத்துவிட்டார்.

பாதி ஆக்சிலேட்டரில் மட்டும் ஒரு சின்னத் தயக்கம் மிச்சமிருந்தது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தார்கள், தயக்கம் போனது. அப்படியானால் அங்கே பெட்ரோல் போதவில்லை. ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஐந்து நிமிட வேலை. ஜெட்டைச் சுத்தம் செய்யக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, காற்று அடித்தால் போதும் என்று அவர் மகனிடமும் தம்பியிடமும் சொன்னபோது அம்மா, "ஸ்டவ் நிப்பிளாட்டம்" என்றாள். பெரியவர் திரும்பிப் பார்த்து, "அதேதானுங்கம்மா" என்றார்.

இப்போது பெட்ரோல் டேங்க் மேல் ஒரு ஸ்டிக்கர்: 'மேலே 105, கீழே 115'. மலையில் ஓட்டும் நாட்களில் அங்கே போனதும் ஒரு தடவை மாற்றுகிறான், கீழே இறக்கியதும் ஒரு தடவை. டப்பா இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஓட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றிப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்பதும் அம்மாவின் நிபந்தனை. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஞாயிறுதோறும் ஒரு ஸ்பார்க் பிளக் வரும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "காபி நிறம்தான்" என்பாள். போன வாரம் சித்தி கேட்டாள், "இது என்னக்கா, புதுப் பலகாரமா?"